கணினிக்குத் தெரியாத ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்யலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 5 ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸ் லேப்டாப்பில் செருகினால் அதன் விளக்கு எரிகிறது, சாதனம் இணைந்ததற்கான ஓசையும் கேட்கிறது. ஆனால் ‘திஸ் பிசி’யில் டிரைவ் தென்படுவதில்லை. அபூர்வமாகத் தென்பட்டாலும் ஃபார்மட் செய்யச் சொல்லி ஒரு பெட்டி வருகிறது, அல்லது திரை அப்படியே உறைந்துவிடுகிறது. பக்கத்துக் கடையில் “ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்” என்கிறார்கள். உள்ளே இருப்பதோ மகள் பிறந்த நாள் முதலான 11 ஆண்டுப் படங்கள். வேறெங்கும் பிரதி இல்லை. ஃபார்மட் செய்யாமலேயே கணினிக்கு இதை அடையாளம் காட்ட வழியுண்டா, சரியான பின் இதையே தொடர்ந்து பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வட்டை மறுபடி வேலைசெய்ய வைப்பது ஒன்று. அதிலுள்ள படங்களை வெளியே எடுப்பது மற்றொன்று. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஃபார்மட் செய்தால் பல நேரங்களில் வட்டு பளிச்சென்று கணினியில் வந்து நிற்கும், காலியாக. அவர் வட்டைப் பற்றிப் பேசுகிறார், நீங்கள் படங்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். பழுதுநீக்கும் மேசையில் 16 ஆண்டுகள் உட்கார்ந்திருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: என்னிடம் வந்து, கடைசிவரை மீட்க முடியாமல் போன வட்டுகளில் கணிசமானவற்றைக் கெடுத்தது முதலில் வந்த பழுதன்று, அதற்குப் பின் பதற்றத்தில் யாரோ செய்துபார்த்த வைத்தியம்தான். ஆகவே கீழே எழுதப்போகும் எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: படங்கள் வேறொரு வட்டுக்கு வந்துசேரும் வரை இந்த வட்டில் ஒரு பைட்கூட எழுதப்படக் கூடாது.

கணினி ஒரு வட்டை அடையாளம் காண்பது ஒரே அடியில் நடந்துவிடுவதில்லை. முதலில் வட்டுக்குப் போதிய மின்சாரம் போய்ச் சேர வேண்டும். பிறகு பெட்டிக்குள் இருக்கும் சிறிய யுஎஸ்பி போர்டு, கணினி கேட்கும்போது தன் பெயரையும் வகையையும் சொல்ல வேண்டும். அடுத்து வட்டு சுழன்று, தகவலைப் படிக்கும் முனையான ஹெட் தன் இடத்துக்கு வந்து, வட்டின் பரப்பிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கும் தன் சொந்தக் குறிப்புகளைப் படித்து, “என் கொள்ளளவு இவ்வளவு” என்று அறிவிக்க வேண்டும். அதன் பின், வட்டு எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை படிக்கப்படும். அதற்குப் பின் அந்தப் பார்ட்டிஷனுக்குள், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கை வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டம். எல்லாம் முடிந்த பின்னரே இ, எஃப் என்று ஓர் எழுத்து அதற்குக் கிடைக்கும். ‘வரவில்லை’ என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடும் கோளாறு இந்தப் படிகளில் எதில் வேண்டுமானாலும் நின்றிருக்கலாம். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்துகொள்வதே பாதி வேலை. அதை வட்டில் எதையும் எழுதாமலேயே தெரிந்துகொள்ள முடியும்.

நீங்கள் தந்த விவரத்திலிருந்து நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: யுஎஸ்பி போர்டு உயிரோடு இருக்கிறது. விளக்கு எரிவதற்குப் பெரிய பொருள் கிடையாது, மின்சாரம் வந்திருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. இணைப்பு ஓசை சற்றுக் கூடுதலாகச் சொல்கிறது. கணினியும் அந்தப் போர்டும் ஒன்றையொன்று கேட்டுப் பதில் சொல்லிக்கொண்டுவிட்டன. போர்டு பதில் சொன்னதாலேயே வட்டு நலமாக இருக்கிறது என்று கொள்ள முடியாது, வாசலில் காவலாளி இருந்தாலும் வீட்டுக்காரர் உள்ளே மயங்கிக் கிடக்கலாம். சில நேரம் வருவதும் சில நேரம் வராததும் இரண்டு பக்கமும் சாய்கிற அறிகுறி: கேபிளோ மின்சாரமோ போதாமல் இருக்கலாம், அல்லது வட்டின் சில பகுதிகளைப் படிக்க முடியாமல் ஹெட் தடுமாறலாம். முதலாவது அற்பம், இரண்டாவது ஆபத்து. இரண்டையும் பிரித்தறிய வேண்டிய இடம் இது.

முதலில் அற்பமானதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதுவாகவே இருந்துவிடும் வாய்ப்பு நீங்கள் நினைப்பதைவிட அதிகம். உங்களுடையது போன்ற இரண்டரை அங்குல வட்டுகளுக்குத் தனி அடாப்டர் கிடையாது; யுஎஸ்பி போர்ட் தரும் 5 வோல்ட்டை நம்பியே சுழல்கின்றன. யுஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட் தர வேண்டியது 500 மில்லிஆம்பியர், 3.0-இல் 900 மில்லிஆம்பியர். நின்றிருக்கும் வட்டு சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடிகளில் 1 ஆம்பியரை ஒட்டிக் கேட்கும் வட்டுகள் உண்டு. பழைய வட்டுகளோடு இரண்டு தலை கொண்ட கேபிள் கொடுத்தார்களே, அதற்குக் காரணம் இதுதான். எனவே யுஎஸ்பி ஹப், கீபோர்டில் உள்ள போர்ட், மேசைக் கணினியின் முன்பக்க போர்ட் ஆகியவற்றையெல்லாம் விட்டுவிட்டு, லேப்டாப்பின் நேரடி போர்ட்டிலோ மேசைக் கணினியின் பின்பக்கத்திலோ செருகிப் பாருங்கள். முன்பக்க போர்ட்டுகள் பெட்டிக்குள் ஒரு நீண்ட வயர் வழியாக மதர்போர்டுக்குப் போகின்றன. பின்பக்கத்தவை மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தால் சார்ஜரையும் இணைத்துவிடுங்கள்.

அடுத்தது கேபிள். உங்கள் வட்டின் பக்கத்தில் இருப்பது, ஒரு சிறிய பகுதியும் ஒரு பெரிய பகுதியும் ஒட்டிப் பிறந்தது போன்ற அந்த அகலமான தட்டைத் துளையாகத்தான் இருக்க வேண்டும். மைக்ரோ-பி என்று பெயர். மிக எளிதில் தளர்ந்துபோகும் துளை இதுதான்; பையில் வட்டோடு கேபிளையும் செருகியபடியே எடுத்துப் போகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். வட்டை மேசையில் வைத்து, கேபிளின் கழுத்தை விரலால் இலேசாகத் தொட்டாலே விளக்கு ஒரு கணம் சிமிட்டினால் வேறு விசாரணையே தேவையில்லை. இதில் பலருக்கும் தெரியாத ஒரு வசதி உண்டு. அந்த அகலத் துளையின் பெரிய பகுதி பழைய மைக்ரோ யுஎஸ்பி துளையேதான்; பழைய ஆண்ட்ராய்டு போன்களின் கேபிள் அதில் கச்சிதமாகப் பொருந்தும், யுஎஸ்பி 2.0 வேகத்தில் வட்டு வேலை செய்யும். மெதுவாகத்தான் ஓடும், ஆனால் கேபிள்தான் குற்றவாளியா என்று 1 ரூபாய் செலவில்லாமல் தெரிந்துவிடும். அந்த போன் கேபிள் சார்ஜுக்கு மட்டுமானதாக இருந்துவிடக் கூடாது. தரவுக்கான இரு வயர்களும் இல்லாத மலிவு கேபிள்களில் விளக்கு எரியும், கணினிக்கு எதுவும் தெரியாது. திருமணப் படம் எடுக்கும் தம்பி ஒருவர், ஒரு பருவம் முழுவதும் எடுத்த படங்கள் போய்விட்டன என்று அழாத குறையாக வந்து நின்றார். என் மேசை டிராயரில் கிடந்த பழைய போன் கேபிளைச் செருகியதும் எல்லாக் கோப்புறைகளும் வரிசையாக வந்து நின்றன. அவருக்கு நான் வேறு எதுவுமே செய்யவில்லை.

கேபிளையும் போர்ட்டையும் மாற்றியும் நிலைமை மாறவில்லையென்றால், திரையைப் பார்ப்பதற்கு முன் காதைப் பயன்படுத்துங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வட்டை மர மேசையில் சமமாக வைத்து, மேலே ஒரு விரலை வைத்தபடி செருகுங்கள். நலமான வட்டில் முதலில் ‘விர்ர்’ என்று ஏறிக்கொண்டே போகும் மெல்லிய ஓசையும், அதைத் தொடர்ந்து சில நொடிகளில் ஹெட் தன் இடத்துக்கு வரும் ஒன்றிரண்டு மென்மையான ‘டக்’குகளும், அதன் பின் ஒரே சீரான சுழற்சியும் கேட்கும், விரலுக்கு ஒரு நுண்ணிய அதிர்வு தெரியும். அந்தச் சுழற்சி நிலைத்து நின்றால் நல்ல செய்தி. ‘டிக்… டிக்… டிக்…’ என்று ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டு, சிறிது நேரத்தில் சுழற்சியே நின்றுவிட்டால் ஹெட் தன் வழிகாட்டிக் குறிகளைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் போய் முட்டுகிறது என்று பொருள். சுழலாமல் ‘பீப்’ போன்ற ஓர் ஒலியோ முனகலோ மட்டும் வந்தால், மோட்டார் சுழல முயன்று முடியாமல் தவிக்கிறது. ஹெட் பரப்பிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது அதற்கான காரணங்களில் ஒன்று. போதாத மின்சாரத்திலும் ஏறத்தாழ இதே ஓசைகள் வரலாம் என்பதால்தான் கேபிளை முதலில் தீர்த்துவிடச் சொன்னேன். நல்ல கேபிளிலும் இந்த ஓசை தொடர்ந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். “இன்னும் ஒரே ஒரு முறை” என்று செருகிப் பார்ப்பது, கால் முறிந்தவரை நடந்து காட்டச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உள்ளே நடப்பதன் அளவு அப்படி. இரண்டரை அங்குல வட்டின் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது; அதன் வெளிவிளிம்பு மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஹெட் அந்தப் பரப்புக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதந்தபடி படிக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன் அந்த இடைவெளியைப் போலப் பல ஆயிரம் மடங்கு. கெட்டுப்போன ஹெட் அந்த வேகத்தில் தட்டை உரசும் ஒவ்வொரு நிமிடமும் படங்கள் எழுதப்பட்ட காந்தப் படலம் தூளாகப் பறக்கிறது. அந்தத் தூளிலிருந்து எந்த ஆய்வகமும் எதையும் மீட்க முடியாது.

ஓசை சீராக இருந்தால் அடுத்ததாகப் பார்க்க வேண்டியது டிஸ்க் மேனேஜ்மெண்ட். விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் அது இருக்கும். திறந்தவுடன் ‘இனிஷியலைஸ் டிஸ்க்’ என்று ஒரு பெட்டி வந்தால் கேன்சல் கொடுத்துவிடுங்கள். இனிஷியலைஸ் செய்வதால் மட்டும் கோப்புகள் அழிந்துவிடாது, வட்டின் ஓரிரு இடங்களில் புதிய அட்டவணை எழுதப்படும், அவ்வளவுதான். ஆனால் அதற்கடுத்த படி ஃபார்மட் என்பதால் அந்தப் பாதையில் காலே வைக்க வேண்டாம். கீழ்ப்பாதியில் உங்கள் வட்டுக்கான வரிசையில் இரண்டு விவரங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: கொள்ளளவு என்ன, நிலை என்ன. 1 டிபி வட்டு விண்டோஸில் 931 ஜிபி என்றே தெரியும், கணக்கிடும் முறை வேறு என்பதால் அது பழுதில்லை. அங்கே 931 என்று இருந்தால் வட்டு தன் குறிப்புகளைப் படித்துத் தன்னை அறிவித்துவிட்டது, பழுது அதற்கு மேலேயுள்ள படிகளில்தான். ‘நோ மீடியா’ என்றோ, கொள்ளளவே இல்லாமலோ, சம்பந்தமில்லாத ஒரு சிறிய எண்ணோ தெரிந்தால் வட்டு தன் குறிப்புகளையே படிக்க முடியாமல் நிற்கிறது. வீட்டில் இருந்தபடி எந்த மென்பொருளாலும் அதை எழுப்ப முடியாது. டிஸ்க் மேனேஜ்மெண்டே திறக்காமல் நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்தால், படிக்க முடியாத செக்டர்களில், அதாவது வட்டுப் பரப்பின் சிறு கூறுகளில், வட்டு சிக்கித் தவிக்கிறது என்றுதான் முதலில் நான் சந்தேகிப்பேன்.

‘ஹெல்தி’ என்றும், விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் என்றும் இருந்து, எழுத்து மட்டும் இல்லையென்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அதன் மேல் வலது கிளிக் செய்து ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும். ‘ஆஃப்லைன்’ என்று இருந்தால் அதே வலது கிளிக்கில் ‘ஆன்லைன்’ ஆக்கிவிடலாம். ‘ஹெல்தி’ என்று சொல்லி, ஃபைல் சிஸ்டத்தின் பெயரே இல்லாமல் இருந்தால் அந்த வட்டு எப்போதாவது மேக் கணினிக்குப் போய்வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். ஆப்பிளின் ஃபைல் சிஸ்டங்களான ஹெச்எஃப்எஸ் பிளஸ், 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் இரண்டையும் விண்டோஸ் தானாகப் படிக்காது. வீடியோ எடிட்டரிடம் கொடுத்த வட்டு ‘கெட்டுப்போய்த் திரும்பிய’ வழக்குகளில் பாதி இந்த வகைதான். மேக்கில் செருகினால் எல்லாம் பத்திரமாக இருக்கும். உங்கள் விஷயத்தில் ஃபார்மட் கேட்கும் பெட்டி வந்திருப்பதால், பெரும்பாலும் நீங்கள் அங்கே பார்க்கப்போவது ‘ரா’ என்ற சொல்லாக இருக்கும். பார்ட்டிஷன் இருக்கிறது, அதன் தொடக்கத்தில் இருக்க வேண்டிய தகவல் படிக்க முடியாமலோ சிதைந்தோ இருக்கிறது என்பது அதன் பொருள். படங்கள் அழிந்துவிட்டன என்று அதற்குப் பொருளில்லை.

இப்போது ஃபார்மட்டுக்கு வருவோம். ‘குவிக் ஃபார்மட்’ என்பது புதிய பொருளடக்கம் ஒன்றைப் பழையதன் மேல் எழுதிவிட்டு, உள்ளே இருக்கும் பக்கங்களைத் தொடாமல் விட்டுவிடுவது. அதற்குப் பிறகும் மீட்பு சாத்தியம், ஆனால் கோப்புகளின் பெயர்களும் கோப்புறை அமைப்பும் கணிசமாகச் சேதப்படலாம். ‘குவிக்’ என்ற கட்டத்தில் உள்ள டிக்கை யாராவது எடுத்துவிட்டால் கதை வேறு: விண்டோஸ் விஸ்டா தொடங்கி, முழு ஃபார்மட் என்பது பார்ட்டிஷன் முழுவதும் பூஜ்யங்களை எழுதிவிடும். அதற்குப் பின் மீட்பதற்கு எதுவும் மிஞ்சாது. குவிக் ஃபார்மட்டும் எப்போதும் மன்னிக்கும் என்று சொல்ல முடியாது. அண்மைக்கால மெல்லிய வட்டுகள் பலவற்றில், ஓடு வேய்ந்தது போலத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதப்படுகின்றன. அவற்றில் சில, எஸ்எஸ்டி போலவே, ‘இந்த இடங்கள் இனித் தேவையில்லை’ என்று கணினி சொல்லும் டிரிம் என்ற ஆணையை ஏற்பவை. அப்படிப்பட்ட வட்டை ஃபார்மட் செய்துவிட்டால், பழைய இடங்களைப் படிக்கக் கேட்கும்போது வட்டு வெறும் பூஜ்யங்களையே திருப்பித் தரும்.

விண்டோஸிலேயே உள்ள செக்டிஸ்க் என்ற வட்டுச் சோதனைக் கருவியைப் பற்றியும் இதே எச்சரிக்கை. இணையத்தில் எங்கு தேடினாலும் முதலில் கிடைக்கும் அறிவுரை அதுதான். செக்டிஸ்க் பார்ப்பது ஃபைல் சிஸ்டத்தின் கணக்கு நேராக இருக்கிறதா என்பதை. உங்கள் படங்கள் பிழைத்தனவா என்பது அதன் கவலையன்று. கணக்கில் இடிக்கும் பதிவுகளை அது வெட்டிவிடும், உரிமை தெரியாத துண்டுகளைப் பெயரிழந்த கோப்புகளாக ஒரு மறைவான கோப்புறையில் கொட்டிவிடும். அதோடு, படிக்கவே திணறும் வட்டை மணிக்கணக்கில் உழவைக்கும். நலமான வட்டில், படங்களுக்குப் பிரதி இருக்கும்போது அது நல்ல கருவி, இப்போது வேண்டாம். “ஸ்கேன் செய்து சரிசெய்யட்டுமா?” என்று விண்டோஸ் தானாகக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

கொள்ளளவு சரியாகத் தெரிந்தால், வட்டின் உடல்நிலையை ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், வட்டு தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்புகளை எடுத்துக் காட்டும். பல வரிகள் இருக்கும், நான்கைப் பார்த்தால் போதும். 05 என்பது இதுவரை கெட்டு, மாற்று இடம் தரப்பட்ட செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6 திருத்தவே முடியாதவை. சி7 வட்டுக்கும் போர்டுக்கும் இடையே போன தகவல் வழியில் சிதைந்த எண்ணிக்கை. சி5-இல் பூஜ்யத்தைத் தவிர வேறு எது இருந்தாலும் நான் அந்த வட்டை நோயாளியாகவே நடத்துவேன். ஆனால் ஒன்று, எல்லாம் பூஜ்யமாக இருப்பது நலத்துக்கு உத்தரவாதமாகாது. முந்தின நாள் வரை ‘குட்’ என்று நீல நிறத்தில் காட்டிவிட்டு மறுநாள் மாண்ட வட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். கெட்ட செய்தி சொன்னால் நம்புங்கள், நல்ல செய்தி சொன்னால் பாதி நம்புங்கள்.

இனி மீட்பு. நோயுற்ற வட்டின் மீது நேரடியாக எந்த ரெக்கவரி மென்பொருளையும் ஓடவிடாமல், முதலில் முழு வட்டையும் செக்டர் செக்டராக இன்னொரு வட்டுக்குப் படியெடுத்துவிட்டு, பிறகு அந்தப் படியின் மீது எல்லாச் சோதனைகளையும் செய்வதே ஆய்வகங்களிலும் வழக்கம். இதற்கு, விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமாக உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றைப் பென்டிரைவிலிருந்து கிளப்பி, ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற கருவியைப் பயன்படுத்துவோம். அதன் சிறப்பு அதன் பொறுமை. முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு, சிக்கும் இடங்களைத் தாண்டிப் போய்விடும். எது படிக்கப்பட்டது, எது விடப்பட்டது என்று மேப் கோப்பு ஒன்றில் குறித்துக்கொண்டே வரும். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சிக்கலான இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும், அதற்குள் உங்கள் படங்களில் பெரும்பகுதி வெளியே வந்திருக்கும். விண்டோஸில் சாதாரணமாக நகலெடுத்தால் நடப்பது இதற்கு நேர்மாறு: முதல் கெட்ட செக்டரிலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

இதற்கு 1 டிபியைவிடப் பெரிய புதிய வட்டு ஒன்று வேண்டும். சீராகப் படிக்கும் வட்டில் நொடிக்கு 100 எம்பி என்று வைத்தால் 1 டிபி முடிய 3 மணி நேரம் ஆகும். திணறும் வட்டில் நாள்கணக்கில் ஆகலாம். செய்வதில் ஒரே ஒரு பெரும் பிழைக்கு இடமுண்டு, மூல வட்டையும் இலக்கு வட்டையும் மாற்றிக் கொடுத்துவிடுவது. காலி வட்டின் வெறுமை படங்களின் மேல் எழுதப்பட்டுவிடும், பிறகு திரும்ப வழியில்லை. வட்டின் மேல் அச்சிட்ட சீரியல் எண்ணையும் திரையில் தெரியும் எண்ணையும் வாய்விட்டுப் படித்து ஒப்பிட்ட பிறகே நான் என்டர் தட்டுவேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படித்தான். கறுப்புத் திரையில் ஆணை தட்டிப் பழக்கமில்லையென்றால், பழகிய நண்பர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். படியெடுத்து முடிந்ததும் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளைப் பயன்படுத்தலாம். என்டிஎஃப்எஸ் தன் தொடக்கப் பகுதியின் நகல் ஒன்றைப் பார்ட்டிஷனின் கடைசியிலும் வைத்திருக்கும், அதைக் கொண்டு ‘ரா’வாகிப்போன படியை டெஸ்ட்டிஸ்க் பல நேரம் பழைய பெயர்களோடும் கோப்புறைகளோடும் திறந்துவிடும். அது பலிக்காவிட்டால் அதே ஆசிரியரின் ஃபோட்டோரெக் இருக்கிறது. அது ஃபைல் சிஸ்டத்தைப் பார்க்காமல் படங்களின் உள்ளமைப்பைக் கொண்டே தேடி எடுக்கும். பெயர்கள் போய்விடும், ஆனால் படத்துக்குள் கேமரா பதித்த தேதி இருப்பதால் ஆண்டுவாரியாக அடுக்கிக்கொள்ளலாம்.

செய்யக் கூடாதவற்றில் இரண்டு. வட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஃப்ரீசரில் வைக்கும் பழைய வித்தை இன்னும் காணொளிகளில் உலவுகிறது. வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் பனித்துளியாகப் படியும், உள்ளே புகுந்த ஈரத்தின் மேல் ஹெட் ஓடும். அடுத்தது, பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றி உள்ளிருக்கும் வட்டை வேறொரு அடாப்டரில் மாட்டுவது. இது முழுத் தவறில்லை: கூட்டுக்குள், கணினிகளின் உள்ளே மாட்டும் சாட்டா இணைப்பு கொண்ட சாதாரண வட்டு இருந்து, யுஎஸ்பி போர்டு மட்டும் செத்திருந்தால் இதுவே சரியான வழி. ஆனால் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் வரிசையில் பலவற்றில் யுஎஸ்பி துளை வட்டின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாட்டச் சாட்டா முனையே இருக்காது; நீங்கள் பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும் போர்டு தரவை மறையாக்கம் செய்தே எழுதியிருக்கும். உங்கள் போர்டு உயிரோடு இருப்பதால் கூட்டைக் கழற்ற உங்களுக்கு இப்போது காரணமில்லை. உலோக மூடியின் திருகுகளை மட்டும் யாரும் எந்நிலையிலும் தொடக் கூடாது.

டிக்டிக் ஓசையோ ‘நோ மீடியா’வோ உங்களுக்கு வாய்த்திருந்தால், அதற்குத் தரவு மீட்பு ஆய்வகம் ஒன்றே வழி. தூசியற்ற மேசையில், அதே ரகத்து வட்டிலிருந்து ஹெட்டைக் கழற்றி மாற்றிப் படியெடுக்கும் வேலை அது. புதிய வட்டின் விலையைப் போலப் பல மடங்கு கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் உண்டு. கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வட்டைத் திறப்பது தூசியற்ற சூழலிலா, முதலில் படியெடுத்துவிட்டுத்தான் வேலை செய்வார்களா, எதுவும் கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா. முதல் கேள்விக்கு “இங்கேயே கண் முன்னால் திறந்து காட்டுகிறேன்” என்று பதில் வந்தால் வட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். இதற்கு முன் என்னென்ன முயன்றீர்கள் என்பதை, சங்கடமாக இருந்தாலும், மறைக்காமல் சொல்லுங்கள். ஓசையைக் கேட்காமல், எழுத்தில் வந்த விவரத்தை மட்டும் வைத்து உங்கள் வட்டு எந்த வகை என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. கேபிள், இல்லையென்றால் தொடக்கநிலை பேட் செக்டர்கள் என்று என் ஊகம் சாய்கிறது; ஊகம் ஊகமே.

கடைசியாக, இதையே தொடர்ந்து பயன்படுத்தலாமா என்ற கேள்வி. கேபிளோ போர்ட்டோதான் காரணம் என்று தெளிவாகி, சி5, சி6 இரண்டும் பூஜ்யமாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், புதிய கேபிளோடு. பேட் செக்டர் காரணமென்றால் படங்கள் வெளியே வந்த பின் அதை முழு ஃபார்மட் செய்து, காத்திருந்த செக்டர்களுக்கு ஒரு தீர்ப்புக் கிடைக்கிறதா என்று பார்க்கலாம். எண்ணிக்கை அதற்கு மேல் ஏறாவிட்டால் டிவியில் படம் பார்க்க, பாட்டு கேட்கப் பயன்படும். கடைக்காரர் சொன்ன ஃபார்மட்டுக்கு உரிய இடம் அதுதான். மகளின் படங்களை அதில் மறுபடி வைக்க வேண்டாம். அவற்றுக்கு இரண்டு புதிய வட்டுகள் வாங்குங்கள், ஒன்று உங்கள் வீட்டிலும் மற்றொன்று உறவினர் வீட்டிலும் இருக்கட்டும்.